'சித்தி'க்கு முந்தைய ராதிகா: அந்த இருபது வருஷத்தையும் பேசுவோம்

செந்தூல்_வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே கோலாலம்பூரில் நடிகை ராதிகா என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் 'சித்தி' தொடர் என்பார்கள், எனக்குப் பின்னால் வந்தவர்கள் 'வாணி ராணி' என்பார்கள். அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், "சினிமாவில் இருந்தாங்க, வாய்ப்பு குறைஞ்சதும் டிவிக்கு வந்துட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதே பேச்சு. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அதனால்தான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராதிகா தொலைக்காட்சிக்கு ஒதுங்கி வந்தவர் அல்ல. அதற்கான வேலையைப் பல வருஷத்துக்கு முன்பே கற்றுக்கொண்டு வந்தவர். 1985-இல் 'மீண்டும் ஒரு காதல் கதை' வந்தது. பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படம். முதல் படம் எடுக்கும் இயக்குநருக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. இவ்வளவும் பலருக்குத் தெரியும். அந்தப் படத்தின் தயாரிப்பாளர் யார்? ராதிகாதான். 1962-இல் பிறந்தவர், கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்து மூன்று வயதை ஒட்டி, வணிகப் படங்களில் கதாநாயகியாகக் கொடிகட்டிப் பறந்த நேரத்தில், மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு புது இயக்குநரை நம்பிப் பணம் போட்டிருக்கிறார். தமிழில் அந்த வயதில் அப்படிச் செய்த கதாநாயகிகள் எத்தனை பேர்?

1994-இல் ராடான் என்ற தயாரிப்பு நிறுவனத்தை ஆரம்பித்தது, 1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியது எல்லாம் அதன் தொடர்ச்சிதான் என்று நான் நினைக்கிறேன். படம் குறைந்ததால் டிவி என்ற கதை அந்த நடுவில் உள்ள பத்து வருஷத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது.

பழைய படங்களைத் திரையரங்கில் பார்த்தவர்கள், உள்ளூர்த் தொலைக்காட்சியில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

பட்டர்வொர்த்_பெரியவர்:

நல்ல இழை அம்மா. நான் கொஞ்சம் முன்னால் போகிறேன், ஏனென்றால் அவருடைய ஆரம்பம் முதல் படம் வந்த 1978 இல்லை.

அப்பா எம்.ஆர்.ராதா. நாடக மேடையில் அவர் பெயரைச் சொன்னாலே கூட்டம் சேர்ந்த காலம் அது. 1954-இல் 'ரத்தக்கண்ணீர்' படமாக வந்து இன்றைக்கும் அந்த வசனங்களை நம் ஆட்கள் சொல்கிறார்கள். அம்மா கீதா, இலங்கைக்காரர். 1967 ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஜி.ஆர் சுடப்பட்ட சம்பவம் நடந்தபோது ராதிகாவுக்கு நான்கு வயது. அப்பா சிறைக்குப் போனார். அந்த நாளில் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆருக்கு இருந்த செல்வாக்கு என்ன என்று இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதர்மேல் குண்டு பாய்ச்சியவரின் மகள் என்ற பெயரோடு ஒரு குழந்தை வளர வேண்டியிருந்தது. பள்ளிப் படிப்பு இந்தியா, இலங்கை, இங்கிலாந்து என்று மூன்று இடத்திலும் நடந்தது.

சிறையிலிருந்து வந்த பிறகு எம்.ஆர்.ராதா மலேசியாவுக்கு வந்து பேசினார். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு ரொம்ப நாள் கைமாறிக்கொண்டே இருந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு கிராணி (எழுத்தர்) வீட்டில் அதை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலில் பயமே இருக்காது. எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் அதே தொனிதான். பின்னால் 'கிழக்குச் சீமையிலே' பார்த்தபோது, ராதிகா நடித்த விருமாயி நியாயம் கேட்கிற இடங்களில் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1978 ஆகஸ்டில் 'கிழக்கே போகும் ரயில்' வெளிவந்தது. பாரதிராஜாவின் இரண்டாவது படம். ராதிகாவுக்குப் பதினாறு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. லண்டனில் படித்த பெண்ணுக்குப் பாவாடை தாவணி கட்டி, பாஞ்சாலி என்று பெயர் வைத்து, கிராமத்து ரயில் பாதை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். வெளிறிய நிறம், மெலிந்த உடம்பு, நடனத்தில் தேர்ச்சி என்று அன்றைக்குக் கதாநாயகிக்கு வைத்திருந்த எந்த அளவுகோலுக்கும் அவர் பொருந்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பிடித்தது. பால்மரம் வெட்டப் போகிற வீட்டில் அந்த மாதிரி ஒரு முகம் இருக்கும்.

அடுத்த வருஷம், 1979 செப்டம்பர் 17, எம்.ஆர்.ராதா காலமானார். மகள் சினிமாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பாவின் செல்வாக்கில் வந்தார் என்று சொல்பவர்கள் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தாமான்_தமிழன்:

ஐயா எழுதியது அருமை. ராதிகாவின் நடிப்பில் எனக்கும் குறை இல்லை. ஆனால் நான் எதிர்க்கட்சியாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சித்தி' ஒரு நல்ல நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு என்ன வந்தது? தினமும் அழுகை, தினமும் சதி, மருமகளை ஒழிக்க மாமியார், மாமியாரை ஒழிக்க நாத்தனார். நூறு பகுதியில் முடிய வேண்டிய கதை ஆயிரம் பகுதி. என் அம்மா சாயந்திரம் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அந்தக் கதவைத் திறந்துவிட்டவர்களில் ராதிகாவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இன்னொன்று இன்னும் வருத்தமானது. சென்னையிலிருந்து வருகிற தொடர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் உள்ளூர் நாடகம் எப்போதும் குறைவாகத்தான் தெரிகிறது. டிவி 2-இல் உள்ளூர்க் கலைஞர்கள் நடித்த நாடகத்தைக் குடும்பமாக உட்கார்ந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்தை யார் கொண்டுபோனார்கள்?

ஆயர்ஈத்தாம்_கலை:

தாமான் அண்ணே, உங்கள் அம்மாவைப் போலத்தான் என் பாட்டியும். 'சித்தி' வரும் நேரம் சென்னையில் இரவு 9.30 என்றால் நமக்கு நள்ளிரவு 12. அதனால் பினாங்கு லிட்டில் இந்தியாவில் விசிடி வாங்கி வந்து மறுநாள் பகலில் பார்ப்பார்களாம். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. நாடகத்தின் தொடக்கப் பாட்டு மட்டும் காதில் நிற்கிறது. நித்யஸ்ரீ பாடியது, தினா இசை, வைரமுத்து எழுதியது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஒரு கேள்வி. தயாரிப்பாளர், நடிகை இரண்டும் ஒருவரே என்றால் நடைமுறையில் என்ன வித்தியாசம்? சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதானா? நான் இங்கே உள்ளூர் நாடகங்களில் நடிக்கிறேன், அதனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

கேமராவுக்குப்_பின்னால்:

தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. நான் கோலாலம்பூரில் நாடகத் தயாரிப்பில் இருக்கிறேன், தொடக்கத்தில் ஒளிப்பதிவு உதவியாளன், இப்போது தயாரிப்பு நிர்வாகம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அன்றைக்குச் சன் டிவியில் நடந்த முறை இது. அலைவரிசை தன்னுடைய நேரத்தைக் கொடுக்கும். அந்த அரை மணி நேரத்துக்குத் தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார். பதிலுக்கு விளம்பரத்துக்கென்று குறிப்பிட்ட விநாடிகள் அவர் கைக்கு வரும். அந்த விநாடிகளைச் சோப்பு, எண்ணெய், நகைக்கடை என்று விற்று, நாடகச் செலவையும் கட்டணத்தையும் எடுத்து, மிச்சம் இருந்தால் அது லாபம். நாடகம் எடுபடவில்லை என்றால் விநாடியை யாரும் வாங்கமாட்டார்கள், கட்டணத்தை மட்டும் கட்டியே ஆக வேண்டும். அதாவது நஷ்டம் முழுக்கத் தயாரிப்பாளர் தலையில்தான் விழும்.

சம்பளத்துக்கு நடிக்கிறவருக்கு இந்தப் பயம் இல்லை. ஆனால் நாடகம் ஓஹோ என்று ஓடினாலும் ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் ஒன்றும் வராது. ராதிகா இரண்டு பக்கத்தையும் தன் கையில் எடுத்தார். கதை யாரைச் சுற்றிப் போக வேண்டும், அடுத்த மாதம் யார் உள்ளே வரவேண்டும், இயக்குநர் யார், எவ்வளவு செலவு என்று எல்லா இடத்திலும் அவர் முடிவு. 'சித்தி'யை இயக்கியவர் சி.ஜே.பாஸ்கர். சிவகுமார் மாதிரி பெரிய பெயர் உள்ள நடிகரைத் தினசரி நாடகத்துக்குள் கொண்டுவந்தார்கள். யுவராணிக்குப் பிரபா பாத்திரம். சினிமாவில் அவருக்குக் கிடைக்காத கனம் அந்தப் பாத்திரத்தில் கிடைத்தது. வில்லியாக நடிப்பவரைக் கதாநாயகிக்குச் சமமாக வளரவிட ஒரு தயாரிப்பாளருக்கு நெஞ்சு வேண்டும், அதுவும் கதாநாயகி தானே என்றால் இன்னும் அதிகமாக வேண்டும்.

இனிமேல்தான் எனக்கு மலைப்பு. 'சித்தி' 2001 நவம்பரில் முடிந்தது. அப்புறம் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 2013-இல் 'வாணி ராணி'. அதே இரவு 9.30. 2018 டிசம்பர் வரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் ஒரே நேரத்தை ஒரு பெண் தன் பெயரில் வைத்திருந்தார். 'வாணி ராணி' மட்டும் 1,743 பகுதிகள். ஒரு பகுதிக்கு விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்தால் சுமார் 600 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படமாகக் கணக்குப் போட்டால் 240 படம். அதில் இரட்டை வேடம், வாணி வக்கீல், ராணி குடும்பத் தலைவி. இரட்டை வேடக் காட்சியை எடுத்தவனுக்குத் தெரியும் அதன் வலி. ஒரு பக்கம் எடுத்து, உடை மாற்றி, முடி மாற்றி, பார்வை எங்கே விழ வேண்டும் என்று குறித்துவைத்து, எதிரே ஆள் இல்லாமல் மறுபக்கத்தைப் பேச வேண்டும். சினிமாவில் அதற்கு நாள் கொடுப்பார்கள். தினசரி நாடகத்தில் ஒளிபரப்புத் தேதி பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும்.

இந்த வேலையைப் படம் இல்லாததால் செய்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தாமான்_தமிழன்:

அண்ணே, உழைப்பைப் பற்றி நான் சண்டை போடவே இல்லை. 240 படத்துக்குச் சமம் என்கிறீர்கள். அந்த 240 படத்தில் எத்தனை படத்தை நீங்கள் மறுபடி பார்ப்பீர்கள்? அளவு வேறு, தரம் வேறு.

கேமராவுக்குப்_பின்னால்:

நியாயம். மறுபடி பார்க்க நான் 'வாணி ராணி'யை எடுக்கமாட்டேன். ஆனால் தினசரி நாடகம் மறுபடி பார்ப்பதற்காகச் செய்கிற பொருளே இல்லை. காலையில் பசியாறும்போது "நேத்து என்ன ஆச்சு" என்று ஒரு வீடு பேச வேண்டும், அதோடு அதன் வேலை முடிந்தது. அந்த அளவுகோலில் வைத்து மதிப்பிட்டால்தான் சரியாக இருக்கும்.

கம்போங்_கொலாம்:

இவ்வளவு பேசுகிறோம், அவர் கல்யாண வாழ்க்கையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? அதுவும் வரலாறுதானே.

நெறியாளர்:

இந்த இழையில் அது வேண்டாம். ஒரு நடிகரைப் பற்றி இழை போட்டால் படத்தைப் பேசுகிறோம், நடிகை என்றால் மட்டும் கல்யாணக் கணக்குக் கேட்கிறோம். வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள், நன்றி.

செந்தூல்_வாசகி:

நெறியாளருக்கு நன்றி.

தாமான் தம்பி தரத்தைப் பற்றிக் கேட்டாரே, அதற்கு நடுவில் உள்ள வருஷங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அறிமுகத்துக்குப் பிறகு நடிகர் சுதாகரோடு வரிசையாக ஜோடி. 'நிறம் மாறாத பூக்கள்' 1979. இரண்டு மூன்று வருஷத்தில் வழக்கமான கதாநாயகி ஆகிவிட்டார். 1981-இல் பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா', அதே வருஷம் தெலுங்கில் சிரஞ்சீவியோடு 'நியாயம் காவாலி', அடுத்த வருஷம் ரஜினியோடு 'போக்கிரி ராஜா', 'மூன்று முகம்'. இந்தப் படங்களில் பலவற்றில் அவருக்குப் பெரிய வேலை இல்லை. அதை மறைக்க எனக்கு விருப்பமும் இல்லை. கதாநாயகி வேலை என்று அன்றைக்கு எதை வைத்திருந்தார்களோ அதைத்தான் செய்தார்.

'நியாயம் காவாலி' மட்டும் வேறு. காதலித்து ஏமாற்றியவன்மேல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிற பெண்ணின் கதை. அங்கேதான் ராதிகாவின் முகத்துக்கு என்ன பொருந்தும் என்று இயக்குநர்களுக்குத் தெரிந்தது என்று எனக்குப் படுகிறது. அவருடைய கோபத்தைப் பார்ப்பவர்கள் நம்பினார்கள். அழகுக்காக நடித்துக் காட்டுகிற கோபமாக அது இருக்காது.

1986-ஆம் வருஷத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். கே.விஸ்வநாத்தின் 'ஸ்வாதி முத்யம்', தமிழில் நாம் பார்த்த 'சிப்பிக்குள் முத்து'. கமல்ஹாசன் குழந்தை மனசுக்காரராக நடித்துப் படம் முழுக்க நம் கண்ணைப் பிடித்து வைத்திருப்பார். எதிரே கையில் குழந்தையோடு இருக்கும் விதவை லலிதாவாக ராதிகா. ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பிய படம் அது. எல்லோரும் கமலைப் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாத்திரத்தை நாம் நம்புவதற்குக் காரணம் எதிரே இருக்கிற பெண் அவரை எப்படிப் பார்க்கிறாள் என்பதுதான். கழுத்தில் தாலி ஏறிய பிறகு அவர் முகத்தில் அதிர்ச்சி, கூச்சம், பயம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். இரக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதலாவதை வசனம் இல்லாமல் அவர் கொண்டுவருவார். எனக்கு அந்தப் படம் லலிதாவின் படம்.

அதே வருஷம் இந்தியில் 'நசீப் அப்னா அப்னா'. தமிழில் சுஹாசினி நடித்த 'கோபுரங்கள் சாய்வதில்லை' படத்தின் இந்தி வடிவம். பின்னல் விறைத்து நிற்க, கணவனே பார்த்து முகம் சுளிக்கும் தோற்றத்தில் வருவார். பம்பாயில் நல்ல அறிமுகம் தேடுகிற தென்னிந்திய நடிகை யாராவது அப்படி ஒரு தோற்றத்தோடு போய் நிற்பாரா? இவர் நின்றார், அந்த முகத்தைத்தான் வடக்கே இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

1990-இல் 'கேளடி கண்மணி', எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு ஜோடி, சாரதா. 1993-இல் 'கிழக்குச் சீமையிலே'. விஜயகுமார் அண்ணன், நெப்போலியன் கணவன், இருவருக்கும் நடுவில் விருமாயி. அறிமுகப்படுத்திய பாரதிராஜாவே பதினைந்து வருஷம் கழித்து அவரைத் தாயாகவும் தங்கையாகவும் நிறுத்தினார். வயது முப்பத்தொன்று. தமிழ் சினிமாவில் கதாநாயகிக்கு அந்த வயதில் என்ன கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். கதாநாயகனுக்கு அம்மா, இல்லையென்றால் அக்கா. அவருடைய ஜோடிகளாக இருந்த ஆண்களெல்லாம் தொடர்ந்து நாயகர்களாகவே இருந்தார்கள். ராதிகா அடுத்த வருஷம் ராடான் தொடங்கினார்.

ஆகவே, வாய்ப்பு குறைந்தது என்பது பாதி உண்மை. நல்ல வாய்ப்பைச் சினிமா அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே அதை உண்டாக்கிக்கொண்டார். நாற்பது வயதுப் பெண்ணை மையமாக வைத்து வாரத்துக்கு ஐந்து நாள் கதை சொல்ல அன்றைக்கு எந்தப் படத் தயாரிப்பாளர் தயாராக இருந்தார்?

பட்டர்வொர்த்_பெரியவர்:

விருமாயியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் படம் வந்தபோது என் தங்கைக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. சீர் விஷயம்தான். படம் பார்த்துவிட்டு வந்து என் மனைவி, "நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள். போனேன். இவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு நடிகையின் வேலை எங்கே வரைக்கும் போய்ச் சேர்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

ஆயர்ஈத்தாம்_கலை:

ஐயா, படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

செந்தூல் அக்கா, நீங்கள் எழுதிய அந்த முப்பத்தொரு வயது விஷயம் எனக்கு நேராகத் தொடுகிறது. எனக்கு இப்போது இருபத்தேழு. இங்கேயும் அதே கணக்குதான் நடக்கிறது. போன வருஷம் ஒரு நாடகத்தில் எனக்கும் கதாநாயகனுக்கும் ஒரே வயது, அடுத்த நாடகத்தில் அவருக்கு அண்ணியாக நடிக்கக் கூப்பிட்டார்கள். பிழைப்புக்காகப் பகலில் வேறு வேலை, வார இறுதியில் படப்பிடிப்பு. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு இரவு பேருந்து பிடித்துப் போய், காலையில் மேக்கப், மறுநாள் இரவு பேருந்து பிடித்துத் திரும்பி, நேராக வேலைக்கு. ஒரு நாடகத்துக்குப் பேசிய சம்பளம் ஒளிபரப்பாகி ரொம்ப நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. மறுஒளிபரப்பு ஆனபோது ஒன்றும் இல்லை.

ராதிகா மாதிரி நேரத்தையே வாங்கும் அளவுக்கு இங்கே சந்தை கிடையாது என்று தெரியும். நம்மால் எதைத்தான் செய்ய முடியும்?

தாமான்_தமிழன்:

தங்கச்சி, நான் முதலில் எழுதியதில் ஒரு பகுதி உங்களைப் பற்றித்தான். உள்ளூர் நாடகத்தை நான் இன்னும் பார்க்கிறேன், என் பிள்ளைகளையும் பார்க்க வைக்கிறேன். நம் தாமானும், நம் மாமாக் கடையும், நம் பேச்சும் திரையில் வருகிறபோது கிடைக்கிற சந்தோஷத்தைச் சென்னைத் தொடர் எதுவும் தரமுடியாது.

அக்கா எழுதிய 1986 பகுதியைப் படித்தபின் 'சிப்பிக்குள் முத்து'வைத் தேடிப் பார்க்கப் போகிறேன். ஆனால் தினசரித் தொடர்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை. லலிதாவையும் விருமாயியையும் செய்த அதே கலைஞர், அந்த நுட்பத்தைத் தினமும் நீட்டி நீட்டிச் செலவழித்ததுதான் என் வருத்தம். பெரிய கலைஞர் என்பதால்தான் வருத்தம்.

செந்தூல்_வாசகி:

இதை ஏற்கிறேன் தம்பி, முழுக்க இல்லை என்றாலும். 'சித்தி'யின் முதல் வருஷத்தை நேரம் கிடைத்தால் பாருங்கள். தான் பெறாத பிள்ளையைத் தாயாக நின்று காப்பாற்றுகிற சாரதா. நம் கதைகளில் மாற்றாந்தாய் என்றாலே சூடு போடுகிறவள் என்றுதான் அதுவரைக்கும் இருந்தது. தினமும் பத்துக் கோடி காரணம் சொல்லி அழவைக்கலாம், ஆனால் யாருக்காக அழ வேண்டும் என்பதை அந்த நாடகம் மாற்றியது. 2001-இல் நம் பக்கத்து வீட்டில் இரண்டாம் தாரமாக வந்த ஒரு பெண்ணை அக்கம்பக்கத்தார் "நம்ம சித்தி" என்று அன்போடு கூப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கேமராவுக்குப்_பின்னால்:

கலை தங்கச்சிக்கு நேரடியாகப் பதில் எழுதுகிறேன்.

நம் ஊர் முறை வேறு. பெரும்பாலும் நிலையம் ஒரு தொகை பேசி நாடகத்தைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கொடுக்கும். தொகைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும், உரிமை நிலையத்துக்குப் போய்விடும். தயாரிப்பாளருக்கு நஷ்டப் பயம் குறைவு, ஆனால் நாடகம் பேர் வாங்கினாலும் கூடுதலாக ஒரு வெள்ளி வராது. அவருக்கே வராதபோது நடிகருக்கு எங்கிருந்து வரும்? மறுஒளிபரப்புக்குப் பணம் இல்லாததன் காரணம் இதுதான். யாரோ ஒருவரின் கெட்ட மனசு என்று எடுத்துக்கொண்டால் தீர்வு கிடைக்காது, ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

அதனால் அடுத்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன் சம்பளத் தேதியைக் கேள். "ஒளிபரப்புக்குப் பிறகு" என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதே, படப்பிடிப்பு முடிந்த நாளிலிருந்து இத்தனை நாள் என்று மாற்றச் சொல். பேருந்துக் காசும் தங்குமிடமும் சம்பளத்துக்குள்ளா வெளியேயா என்பதையும் எழுத்தில் வாங்கு. வெளியூரிலிருந்து வருகிற கலைஞர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். இணையத்தில் துண்டு துண்டாகப் போடுவார்களா என்றும் கேள், அது இப்போது தனி உரிமை.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ராதிகா 1985-இல் செய்ததைப் பார். ஒரு படம், ஒரு புது இயக்குநர், தான் நடிக்க விரும்பிய பாத்திரம். அலைவரிசை நேரமெல்லாம் அதற்குப் பல வருஷம் கழித்து. உனக்குத் தெரிந்த பிள்ளைகளில் எழுதுகிறவர் ஒருவர் இருப்பார், கேமரா வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார். பினாங்கிலேயே எடுக்கக்கூடிய இருபது நிமிடக் கதையாக ஒன்றைப் பிடி. உரிமை உன் பெயரில் இருக்கட்டும். நிலையத்திடம் பேசப் போகும்போது கையில் காட்ட ஒன்று இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். எடிட்டிங்குக்கு இடம் வேண்டுமென்றால் தனி மடலில் எழுது, எங்கள் அறை ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கிறது.

ஆயர்ஈத்தாம்_கலை:

அண்ணே, ரொம்ப நன்றி. சம்பளத் தேதி விஷயம் இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அடுத்த மாதம் ஒரு நாடகத்துக்குப் பேசியிருக்கிறார்கள், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் இதைக் கேட்கிறேன்.

கதை ஒன்று இருக்கிறது. தண்ணீர்மலைப் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் ஒரு பெண், வயது ஐம்பது. நான் நடிக்கிற பாத்திரம் அவளுடைய மகள், சின்னதுதான். அந்த அம்மாவாக நடிக்க பட்டர்வொர்த் பக்கம் மேடை நாடகம் செய்த யாராவது இருந்தால் பெரியவர் ஐயா சொல்லுங்களேன்.

பட்டர்வொர்த்_பெரியவர்:

இருக்கிறார்கள் அம்மா. பிறை பக்கம் கோயில் திருவிழா நாடகங்களில் நடித்த ஒருவர், இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத் தனி மடலில் எழுதுகிறேன். கதையை ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பு, அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், கண் கொஞ்சம் மங்கல்.